பெரியம்மாவின் வெங்காயமும் ஷோக்ரென் என்ற சொல்லும்

எங்கள் வீட்டில் கல்யாணமோ சடங்கோ, எது வந்தாலும் வெங்காயம் உரிப்பது பெரியம்மாவின் வேலை. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் சாக்கை விரித்து, ஐந்து கிலோ பெரிய வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு உட்காருவார். பக்கத்தில் இருக்கிறவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போவார்கள். அவர் கண்ணில் ஒரு சொட்டு வராது. "அவளுக்குக் கல்லு மனசு" என்று மாமிமார் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தக் கேலிக்குள் ஒரு நோய் உட்கார்ந்திருந்தது தெரிய ஆறு வருடம் ஆனது.

கடைசியில் கிளினிக் கொப்பியில் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய பெயரை அண்ணன் எழுத்துக்கூட்டி, "ஸ்ஜோகிரென்ஸ்" என்று வாசித்தான். சொல்லவே நாக்குப் புரளவில்லை. பெரியம்மாவுக்கோ நாக்கு ஏற்கெனவே அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சரி, அது என்ன சொல்? ஒரு ஆளின் பெயர். ஹென்ரிக் ஷோக்ரென், சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர், 1899இல் பிறந்தவர். கண் வறண்டு, வாயும் வறண்டு, பலருக்கு மூட்டு வலியும் சேர்ந்து வருவதைப் பற்றி 1933இல் ஓர் ஆய்வேட்டை ஜெர்மன் மொழியில் எழுதினார். அதில் இருந்த 19 நோயாளிகளும் பெண்கள், 13 பேருக்கு மூட்டுவாதம். அன்று அந்த ஏட்டுக்குப் பெரிய மதிப்பெண் கிடைக்கவில்லை. 1943இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. ஒரு நோய் சொந்த மொழியைத் தாண்டினால்தான் கவனிக்கப்படும் என்பது நமக்கு மட்டும் உள்ள பாடு இல்லை போலிருக்கிறது.

சுவீடன் மொழியில் 'ஷோ' என்றால் ஏரி, 'க்ரென்' என்றால் கிளை. ஏரிக்கிளை! உடம்பின் ஈரம் போகிற நோய்க்கு இப்படி ஒரு பெயர் வாய்த்திருக்கிறது. எழுத்தில் இருக்கும் 'ஜ' உச்சரிப்பில் கிடையாது. ஷோக்ரென் என்று சொன்னால் போதும்.

அப்புறம், இது என்ன வகை நோய் என்ற கேள்வி. தமிழகத்தில் தன்னுடல் தாக்குநோய் என்று எழுதுகிறார்கள். நம் பாடப்புத்தகங்களில் நோயெதிர்ப்புக்கு 'நிர்ப்பீடனம்' என்ற சொல்; உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவர்களைத் தவிர வேறு யாரும் அதை வாயில் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் கூடவே படித்த 'பிறபொருளெதிரி' (ஆங்கிலத்தில் antibody) நல்ல சொல். வெளியிலிருந்து வரும் பிற பொருளை எதிர்ப்பது. ஷோக்ரெனில் நடப்பது இதற்குத் தலைகீழ். வெளியாளைத் தடுக்க வைத்த காவல், வீட்டுக்குள்ளேயே இருக்கும் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் அடிக்கிறது. ஆக அந்த எதிரிக்கு 'தன்பொருளெதிரி' என்றுதான் பெயர் இருக்க வேண்டும்.

இனி வறட்சி. முதலில் எழுத்து. 'வரட்சி' என்று பத்திரிகைகளிலும் பார்க்கிறேன். வல்லின றகரம்தான் சரி. வறள், வறுமை எல்லாம் ஒரே குடும்பம். குறள் 18இல் "வானம் வறக்குமேல்" என்று வருவதும் அதே வேர்தான்.

எழுத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது பொருள். ஈரம் போவதைச் சொல்லத் தமிழில் ஒரு சொல் இல்லை, பல இருக்கின்றன. கொடியில் துணி உலரும். நிலமும் நாக்கும் வறளும். குளமும் ஊற்றும் தாய்ப்பாலும் வற்றும். உலர்வது மேலே இருக்கும் ஈரம். வற்றுவது ஊறும் இடமே. மருத்துவர்கள் எடுத்தாளும் 'சிக்கா' என்ற இலத்தீன் சொல் வெறுமனே 'உலர்ந்தது' என்கிறது. தமிழில் நாம் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். வாய் வறள்வது அறிகுறி, சுரப்பி வற்றுவது நோய். இந்த வேறுபாடு தெரியாததால்தான், "தண்ணி நிறையக் குடி" என்று பெரியம்மாவுக்கு எல்லாரும் புத்தி சொன்னோம். பீலியில் தண்ணீர் வராவிட்டால் குழாயின் வாயில் வாளி வாளியாக ஊற்றுவோமா? மேலே ஊற்றுக்கண்ணைத்தானே போய்ப் பார்ப்போம்.

நம் மலைகளில் இந்த நோய் ஒளிந்துகொள்ள இன்னும் ஒரு வசதி உண்டு. மழையும் மூடுபனியும் உள்ள ஊரில் யார் வறட்சியைச் சந்தேகப்படுவார்? தை, மாசியில் உதடு வெடித்தால் பனிக்காற்று. கண் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் அடுப்புப் புகை. விரல் மூட்டு வலித்தால் கொழுந்து பறித்த கை. களைப்புக்குக் காரணமே தேட வேண்டாம், காலையில் மலைக்கு ஏறினால் போதும். ஒவ்வொன்றுக்கும் கையோடு ஒரு காரணம் இருப்பதால் நாலையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சேர்த்துப் பார்க்காதவர்கள் எல்லாவற்றுக்கும் வைக்கும் பெயர் 'சூடு'. உடம்புச் சூடு, கண் சூடு.

இந்தச் சொல் செய்த கூத்தை நானே பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டாக்டர் சிங்களத்தில், "கட வேலெனவாத?" என்று கேட்டார். வாய் காய்கிறதா என்று சரியான கேள்விதான். பெரியம்மாவுக்கு விளங்கவில்லை. "ஒடம்பு சூடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற ஊழியர் 'ரஸ்னெய்' என்று பெயர்த்தார். டாக்டர் காய்ச்சலாக்கும் என்று நினைத்து வெப்பமானியை வைத்தார். காய்ச்சல் இல்லை. பரசிட்டமோல் குளிசையோடு வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு மட்டும் இரண்டு வருடம் போனது. அதற்குள் பற்கள் ஈறோரமாகக் கறுத்து ஒவ்வொன்றாக உடைந்தன. உமிழ்நீர் கழுவாத பல் அப்படித்தான் போகும்.

சூடு என்று சொல்லாமல், நடந்ததைச் சொல்ல வேண்டும். "தண்ணி தொடாம ரொட்டி முழுங்க முடியல. ராத்திரி வாய் காஞ்சு ரெண்டு மூணு தரம் எழும்புறேன். வெங்காயம் உரிச்சாலும் கண்ணீர் வரல. மூணு மாசத்துக்கு மேல இப்படித்தான்." தோட்டத்து டிஸ்பென்சரியில் இதை இப்படியே சொன்னால், மேலே அனுப்ப அது போதுமான காரணம். கூடவே, குடிக்கும் மருந்துகளையும் காட்ட வேண்டும். தடிமனுக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின் போன்ற குளிசைகளும் வாயைக் காய வைக்கும். நீரிழிவும் அப்படியே.

சோதனைகள் பயப்படும்படியானவை அல்ல. கீழிமையில் ஒரு வடிதாள் துண்டை 5 நிமிடம் மாட்டி, எத்தனை மில்லிமீற்றர் நனைந்தது என்று பார்ப்பார்கள். 5 அல்லது அதற்குக் குறைவென்றால் கண்ணீர் போதாது. 1903இல் ஷிர்மர் என்ற ஜெர்மன் மருத்துவர் சொன்ன முறை இது. இரத்தத்தில் 'ரோ', 'லா' என்ற தன்பொருளெதிரிகளைத் தேடுவார்கள். இந்தப் பெயர்கள் எந்த அகராதியிலும் இல்லை, முதலில் அவை கண்டறியப்பட்ட நோயாளிகளின் பெயர்களில் முதல் இரண்டு எழுத்துகள். தேவைப்பட்டால் கீழ் உதட்டின் உள்பக்கம் மரக்க வைத்து, சில சின்னச் சுரப்பிகளை எடுத்துப் பார்ப்பார்கள். 2016இல் ஆய்வுகளுக்காக வகுத்த சர்வதேச அளவுகோலில் ரோவுக்கு 3 புள்ளி, உதட்டுத் துண்டுக்கு 3, கண்ணுக்கும் உமிழ்நீருக்குமான மற்ற மூன்று சோதனைகளுக்குத் தலா 1. மொத்தம் 4 வந்தால் ஷோக்ரென்.

முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. பிறகு எதற்கு அவசரம் என்று அண்ணனே கேட்டான். அழிந்த சுரப்பி திரும்பி வராது. மிச்சம் இருப்பதைக் காக்கலாம். நோய் நுரையீரல், சிறுநீரகம், நரம்பு வரை போகக்கூடும். சிலருக்கு நிணநீர்ப் புற்று வரலாம், காதுக்குக் கீழே வீக்கம் நிலைத்து நின்றால் உடனே காட்ட வேண்டும். கர்ப்பமாகப் போகிற பெண்ணுக்கு ரோ இருந்தால், நூறில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பின் ஓட்டம் கருவிலேயே தடைபடலாம். முன்பே தெரிந்தால் டாக்டர் கண்காணிப்பார். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைப்பது? 'ஷோக்ரென் கூட்டறிகுறி' என்று எழுதுகிறார்கள். உலகத்திலேயே இப்போது 'கூட்டறிகுறி'யை விட்டு 'நோய்' என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 'உலர்நோய்' என்றால் சருமம் காய்வதுபோல் இருக்கிறது. 'தன்தாக்குச் சுரப்பி வறட்சி' சரியானது, ஆனால் கிளினிக் வரிசையில் நின்று சொல்ல முடியாது. கொப்பியில் ஷோக்ரென் அப்படியே இருக்கட்டும், மருந்தாளருக்கு அதுதான் வேண்டும்.

போன மாதம் பீலிக்கரையில் யாரோ பெரியம்மாவிடம், "என்ன வருத்தமாம்?" என்று கேட்டார்கள். கையில் இருந்த செயற்கைக் கண்ணீர்ப் போத்தலைக் காட்டி, யோசிக்காமல் சொன்னார்: "ஊத்து வத்துற வருத்தம்." அகராதிக்காரர்கள் 'ஊற்றுவற்று நோய்' என்று திருத்தி எழுதிக்கொள்ளலாம்.