உச்சியில் தடாகமும் வேண்டும், ஆட்டமும் கூடாது

இன்னும் கட்டி முடியாத உல்லாசப் பயணக் கப்பல் ஒன்றில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பேரைக் கேட்டால், பதில்கள் அநேகமாக ஒன்றுபோலவே வரும். கடலைப் பார்த்த பல்கனியோடு, முடிந்தவரை உயரத்தில் ஓர் அறை. மேல்தளத்தில் நீச்சல் தடாகம். பிள்ளைகளுக்குத் தண்ணீர்ச் சறுக்கு. மூன்று வேளையும் வாய்க்கு ருசியான சாப்பாடு. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் எல்லோரும் ஒன்றைச் சேர்ப்பார்கள்: கப்பல் ஆடக் கூடாது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ஓடும் சிறிய கப்பலில் போய் வந்தவர்கள் அதை முதலாவதாகவே சொல்வார்கள்.

இந்தப் பட்டியலுக்குள் ஒரு முரண்பாடு இருக்கிறது. விளம்பரப் படங்கள் அதைக் காட்டுவதில்லை. பயணி ஆசைப்படும் பொருள்களில் பெரும்பாலானவை கப்பலின் உச்சியில் இருக்க வேண்டியவை. கப்பல் நிமிர்ந்து நிற்பதற்கோ எடை கீழே இருக்க வேண்டும். ஒரு பயணக் கப்பலின் வடிவமைப்பில் மிகக் கடினமான கணக்கு இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

2024 ஜனவரியில் சேவைக்கு வந்த 'ஐகான் ஒப் த சீஸ்' கப்பலை எடுத்துக்கொள்வோம். பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டப்பட்டது. 365 மீற்றர் நீளம், 20 தளங்கள், 7 நீச்சல் தடாகங்கள். இதன் அளவு 2,48,663 'மொத்தத் தொன்' என்று எழுதுவார்கள். அது எடை அல்ல. சுவர்களுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு. இவ்வளவு உயரமான கட்டடம் கடலுக்குள் அமிழ்ந்திருப்பது ஏறத்தாழ 9 மீற்றர்தான். அதற்கு மேல் ஆழமாகப் போனால் பல துறைமுகங்களுக்குள் நுழையவே முடியாது. பார்ப்பவருக்கு இது கவிழ்ந்துவிடாதா என்று தோன்றுவது இயல்பு.

கவிழாததற்குப் பலர் சொல்லும் காரணம், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போல அடியில் பாரம் இருக்கிறது என்பது. அது பாதிதான் சரி. பொம்மையின் எடை முழுவதும் அடியில் திரண்டிருப்பதால் அது எழும்புகிறது. பயணக் கப்பல் ஒன்றின் ஈர்ப்பு மையமோ, தண்ணீர் கப்பலை மேலே தூக்கும் புள்ளியான மிதப்பு மையத்தை விட உயரத்திலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் அது நிமிர்கிறது. காரணம், கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து உடல் தண்ணீருக்குள் அதிகமாக அமிழ்கிறது. மறுபக்கம் வெளியே வருகிறது. ஆகவே மிதப்பு மையமும் சாய்ந்த பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறது. எடை ஓர் இடத்தில் கீழ்நோக்கி இழுக்க, தண்ணீர் இன்னோர் இடத்தில் மேல்நோக்கித் தள்ள, இரண்டும் சேர்ந்து கப்பலைத் திருப்பி நிமிர்த்துகின்றன.

நகர்ந்த மிதப்பு மையத்திலிருந்து நேர்மேலே ஒரு கோடு வரைந்தால் அது கப்பலின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். அதற்கு மெற்றாசென்டர் என்று பெயர். ஈர்ப்பு மையம் இந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை கப்பல் நிமிரும். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தைக் கப்பற் பொறியியலாளர்கள் சுருக்கமாக ஜீ.எம். என்பார்கள். மேல்தளத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தை உயர்த்தி, இந்த ஜீ.எம். இடைவெளியை அரிக்கிறது. அகலத்தைக் கூட்டினால் மெற்றாசென்டர் மேலே ஏறும். அதுவும் வேகமாக ஏறும், ஏனென்றால் இந்தக் கணக்கில் அகலம் மூன்றாம் அடுக்காக வருகிறது. பனாமாக் கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் பழைய பூட்டுவாய்களுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக நெடுங்காலம் பல கப்பல்களின் அகலம் 32 மீற்றரோடு நின்றது. அந்த எல்லையைக் கைவிட்ட கப்பல்களில்தான் தளங்கள் அடுக்கடுக்காக உயர்ந்தன. ஐகான் நீர்மட்டத்தில் ஏறத்தாழ 48 மீற்றர் அகலமானது.

அப்படியானால் ஜீ.எம்.மை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக வைத்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் பயணியின் வயிறு குறுக்கே வருகிறது. ஒரு கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், மீண்டும் வர எடுக்கும் நேரத்தை ஓர் எளிய சூத்திரத்தால் கணிக்கலாம்: அகலத்தை 0.8 ஆல் பெருக்கி, ஜீ.எம்.மின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 32 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஜீ.எம். என்றால் ஏறத்தாழ 18 செக்கன்கள். அதே கப்பலுக்கு 5 மீற்றர் ஜீ.எம். கொடுத்தால் 11 செக்கன்களாகக் குறைந்துவிடும். கவிழும் ஆபத்திலிருந்து இன்னும் விலகிவிட்டது, ஆனால் வெடுக் வெடுக்கென்று திரும்பும். மேசையிலிருக்கும் தேநீர்க் கோப்பை நிற்காது, நடப்பவர் தடுமாறுவார். மறுபக்கம், ஜீ.எம். மிகக் குறைந்தால் ஆட்டம் மெதுவாக, சோம்பலாக இருக்கும். சாய்ந்த கப்பல் திரும்பி வர யோசிக்கும். 'ஆடாத கப்பல்' என்று ஒன்று கிடையாது. எப்படி ஆட வேண்டும் என்பதைத்தான் வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கிறார்.

இந்தத் தேர்வில் கடலின் பங்கும் உண்டு. மாலையில் காலி முகத்திடலுக்குப் போகிறவர்கள் அதைத் தாங்களே அளந்து பார்க்கலாம். ஒரு பெரிய அலை கரையில் உடைந்ததிலிருந்து அடுத்தது உடையும்வரை செக்கன்களை எண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை எண்ணிச் சராசரி எடுத்தால் நல்லது. அருகில் வீசும் காற்று எழுப்பும் அலைகள் ஐந்தாறு செக்கன்களுக்கு ஒன்றாக வரும். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிப் புயல்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்து வரும் நெடிய அலைகளுக்குப் பன்னிரண்டு, பதினைந்து செக்கன்கள்கூட இடைவெளி இருக்கும். கப்பலின் சொந்த ஆட்ட நேரமும் பக்கவாட்டில் வந்து மோதும் அலையின் நேரமும் ஒன்றாகிவிட்டால், சிறிய அலைகூடக் கப்பலைப் பெரிதாக ஆட்டிவிடும். அப்போது கப்பல் தலைவன் திசையையோ வேகத்தையோ கொஞ்சம் மாற்றி அந்தத் தாளத்தை உடைப்பார். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நம் கரையில் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் கொழும்பை நாடுவதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

எஞ்சிய ஆட்டத்தைத் துடுப்புகள் குறைக்கின்றன. நீர்மட்டத்துக்குக் கீழே, உடலின் இரு பக்கமும் விமானச் சிறகு போன்ற ஒரு தகடு வெளியே நீளும். கப்பல் சாயத் தொடங்கியதை உணர்கருவி சொன்னதும் ஒரு பக்கத் துடுப்பு மேல்நோக்கியும் மறுபக்கத் துடுப்பு கீழ்நோக்கியும் திரும்பி எதிர்விசை கொடுக்கும். நல்ல வேகத்தில் ஓடும்போது பக்கவாட்டு ஆட்டத்தின் பெரும்பகுதியை இவை விழுங்கிவிடும். ஆனால் இந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை காலாகும். நங்கூரமிட்டு நிற்கும்போது இவற்றால் பயனில்லை. முன்பின்னாகத் தலையசைப்பதையும் முழுக் கப்பலும் ஏறி இறங்குவதையும் இவை தடுக்க மாட்டா. குமட்டலை அதிகம் கிளப்புவது அந்த ஏற்ற இறக்கம்தான். ஏறத்தாழ ஐந்து செக்கன்களுக்கு ஒருமுறை வரும் செங்குத்து அசைவுக்கு மனித உடல் மிகவும் பலவீனமானது என்பது பரிசோதனைகளில் தெரியவந்தது.

இனி அந்தப் பல்கனி அறைக்கு வருவோம். ஆட்ட அச்சிலிருந்து 40 மீற்றர் உயரத்தில் ஓர் அறை இருக்கிறது, கப்பல் 3 பாகை மட்டும் சாய்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அறை பக்கவாட்டில் ஏறத்தாழ 2 மீற்றர் நகரும். பிறகு மறுபக்கமும் 2 மீற்றர். அதே நேரம் கீழ்த்தளத்தில் நடுவிலுள்ள அறை நகர்ந்ததை உள்ளேயிருப்பவர் உணர்வதுகூட அரிது. அதிகப் பணம் கொடுத்து வாங்கும் உயரமான முன்புற அறைதான் அதிகம் ஆடுகிறது. வயிறு ஒத்துக்கொள்ளாத பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் தள வரைபடத்தைப் பார்த்து, நீளவாட்டில் நடுவிலும் உயரத்தில் தாழ்விலும் ஓர் அறையைக் கேட்டு வாங்க வேண்டும். மலிவாகவும் கிடைக்கும்.

மேல்தளங்களின் எடையைக் குறைக்க வடிவமைப்பாளர்கள் படும் பாடு புதியதல்ல. 1961இல் ஓடத் தொடங்கி, அவுஸ்திரேலியா போகும் வழியில் கொழும்பைத் தொட்டுச் சென்ற 'கன்பரா' கப்பலின் மேற்கட்டுமானம் அலுமினியத்தால் ஆனது. அதே உருக்கு உடலின் மேல் இன்னொரு தளத்தை ஏற்ற அதுவே வழியாக இருந்தது. இன்றைக்குக் கதவு, கூரைப் பலகை, கட்டில், தரைவிரிப்பு ஒவ்வொன்றுக்கும் எடை வரம்பு உண்டு. ஆயிரக்கணக்கான அறைகளில் ஒவ்வொன்றுக்கும் 50 கிலோ கூடினாலே, நூறு தொன்னுக்கும் அதிகமான எடை உயரத்தில் ஏறிவிடும்.

தடாகத்தின் பிரச்சினை எடையோடு முடிவதில்லை. கப்பல் சாயும்போது தண்ணீரும் அதே பக்கத்துக்கு ஓடி, சாய்வைக் கூட்டுகிறது. இந்தத் தீங்கும் நீர்ப்பரப்பின் அகலத்தின் மூன்றாம் அடுக்கோடு வளர்கிறது. நெடுக்குவாட்டில் ஒரு சுவர் வைத்து ஒரே தடாகத்தை இரண்டாகப் பிரித்தால், தண்ணீரின் அளவு அதேதான், ஆனால் தீங்கு நாலில் ஒன்றாகக் குறைகிறது. பெரிய கப்பலில் ஒரு பெருந்தடாகத்துக்குப் பதில் பல சிறு தடாகங்கள் இருப்பதில் அழகை விட இந்தக் கணக்குக்குப் பங்கு அதிகம். கடல் கொந்தளிக்கும் நாட்களில் தடாகத்தை வடித்துவிடுவதும் இதனால்தான். பயணத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று, தடாகத்தை ஏன் பூட்டுகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இதை அறிந்தால் கோபப்பட மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பலில் மிகவும் அஞ்சப்படுவது தீ. பெரும்பாலான பயணக் கப்பல்களில் சமையல் மின்சாரத்தில் நடக்கிறது. இட்லிக்கும் தோசைக்கும் அது தடையில்லை. ஆனால் அறைக்குள் குத்துவிளக்கோ ஊதுபத்தியோ கற்பூரமோ ஏற்ற முடியாது. மின்கேத்தல், இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றையும் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. நம்மவர்கள் பெட்டி கட்டும்போதே இதை நினைவில் வைப்பது நல்லது.

கட்டப்படும் கப்பலைப் பற்றிய ஆசைகளுக்குக் காலக்கெடு உண்டு. பெரும்பாலான அறைகள் கப்பலுக்குள் கட்டப்படுவதில்லை. குளியலறை, மின்கம்பி, அலுமாரி உட்பட முழு அறையும் வேறொரு தொழிற்சாலையில் செய்யப்பட்டு, கப்பலின் பக்கத்தில் விடப்பட்ட திறப்பு வழியாக உள்ளே தள்ளப்பட்டு, குழாய்களோடு இணைக்கப்படுகிறது. ஆகவே முதல் உருக்குத் தகட்டை வெட்டும் முன்பே அறையின் அளவு முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு மாற்றக்கூடியவை திரைச்சீலையின் நிறமும் உணவுப் பட்டியலும் மேடை நிகழ்ச்சிகளும்தான். இடம் விசாலமாக வேண்டும் என்பவர்களின் குரல் பல வருடங்களுக்கு முன்பே, பழைய கப்பல்களில் அவர்கள் நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவங்களாக அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பயணிகள் மாறினால் கப்பலும் மாறும். அதற்குச் சான்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. முகத்துவாரத்துக்குப் போகும் வழியில், துறைமுக மதிலுக்கு அந்தப் பக்கம் பாரந்தூக்கிகள் தெரியும் கொழும்பு டொக்யார்ட், இந்தியாவின் லட்சத்தீவுகளுக்காக 400 பயணிகள் போகக்கூடிய 'கோரல்ஸ்', 'லகூன்ஸ்' என்ற இரண்டு கப்பல்களைக் கட்டிக் கொடுத்தது. தீவுக்காரரின் எதிர்பார்ப்பு தண்ணீர்ச் சறுக்கோ தடாகமோ அல்ல. அரிசி மூட்டையும் தானும் ஒரே கப்பலில் போக வேண்டும். ஆழமில்லாத தீவின் வெளியே நிற்கும்போது பக்கவாசல் வழியாகச் சிறு படகில் பத்திரமாக இறங்க வேண்டும். அதற்கேற்ப அமைந்தது அந்த வடிவம்.

வரைபடத்தில் போட்ட கணக்கு சரியா என்பது கப்பல் முடியும் தறுவாயில் ஒரு நாளில் தெரிந்துவிடும். அதன் பெயர் சாய்வுச் சோதனை. பெரிய கப்பலுக்கும் சிறிய கப்பலுக்கும் முறை ஒன்றே. காற்றில்லாத வேளை தேவை. வேலையில்லாதவர்கள் எல்லோரும் கரைக்கு அனுப்பப்படுவார்கள். கட்டிய கயிறுகள் தளர்த்தப்படும். தொட்டிகள் ஒன்றில் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும், அல்லது முழுதாகக் காலியாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு நீண்ட தூக்குக்குண்டு தொங்கும். அது வீணாக ஊசலாடாமல் இருக்க, குண்டு எண்ணெய்த் தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும். கம்பியின் அருகே ஓர் அளவுகோல். எடை தெரிந்த பாரங்களைத் தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். 50,000 தொன் எடையுள்ள கப்பலில் 100 தொன்னை 20 மீற்றர் நகர்த்தினால், ஜீ.எம். 2 மீற்றராக இருந்தால், 5 மீற்றர் நீளக் கம்பி சரியாக 10 சென்ரிமீற்றர் விலகும். அதைவிட அதிகமாக விலகினால், ஈர்ப்பு மையம் நினைத்ததைவிட உயரத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது கப்பலின் அடியில் நிரந்தரப் பாரம் சேர்க்க வேண்டும், அல்லது நீர்மட்டத்தில் உடலை அகலப்படுத்தி உருக்குப் பெட்டிகளைப் பற்றவைக்க வேண்டும். இரண்டுமே கப்பலின் ஆயுள் முழுவதும் எரிபொருளைக் கூடுதலாகத் தின்னும்.

இந்தச் சோதனையில் கிடைத்த எண்களை வைத்துத் தயாராகும் ஏடு கப்பல் தலைவனிடம் இருக்கும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிப்படி ஒவ்வொரு பயணியும் 75 கிலோ என்று கணக்கிடப்படுகிறார். எல்லோரும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து நின்றாலும் சாய்வு 10 பாகையைத் தாண்டக் கூடாது. நம் 50,000 தொன் உதாரணக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழையும்போது, தாமரைக் கோபுரத்தைப் படம் பிடிக்க 3,000 பேரும் 15 மீற்றர் தாண்டி ஒரே பக்கத்துக்கு ஓடினால் 225 தொன் இடம் மாறும். அதனால் வரும் சாய்வு 2 பாகைக்குச் சற்றுக் குறைவு.