கப்ளருக்குள் ஒளிந்திருக்கும் நாக்கு

பைக் ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் கார் பானட்டுக்குள்ளும் வயர்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் கப்ளரைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு டெர்மினல், அதாவது வயர் முனையில் மாட்டிய உலோகத் துண்டு, பச்சை பூத்துவிட்டால், கப்ளரையே வெட்டிப் போட்டுவிட்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு டெர்மினலை மட்டும் தனியாகக் கழற்றலாம்.

டெர்மினல் என்பது செம்புக் கலவைத் தகட்டை வெட்டி மடித்தது. பெரும்பாலும் மேலே வெள்ளீயப் பூச்சு இருக்கும். அதே தகட்டில் கீறி நிமிர்த்திய சின்ன நாக்கு ஒன்று, வயர் பக்கம் சாய்ந்து நிற்கும். பின்னாலிருந்து தள்ளினால் நாக்கு மடங்கி உள்ளே போகும். பிளாஸ்டிக் விளிம்பைத் தாண்டியதும் 'டிக்'கென்று நிமிர்ந்துகொள்ளும். அப்புறம் இழுத்தால் வராது, தூண்டில் முள் மாதிரி. முரட்டுத்தனமாக இழுத்தால் வயர் மட்டும் உருவிக்கொண்டு வரும்.

சரி, எப்படி எடுப்பது? முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் கப்ளர், பெரும்பாலும் மஞ்சள் நிறம், அதில் கைவைக்கவே வேண்டாம். இரண்டாவது லாக் என்று வேறு நிறத்தில் ஒரு துண்டு இருந்தால் அதை விடுவியுங்கள். பிறகு வயரைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். நாக்கின் மேலுள்ள அழுத்தம் குறையும். கப்ளரின் முகப்பில், எதிர்க் கப்ளரின் 'பின்' (ஊசி போன்ற உலோக முனை) நுழையும் துளையை ஒட்டி ஒரு சிறு சந்து தெரியும். மெல்லிய தட்டைக் கம்பியை அதில் விட்டு நாக்கை அமுக்கினால், வயரை லேசாக இழுத்தாலே வந்துவிடும். வரவில்லையா, நாக்கு இன்னும் அமுங்கவில்லை என்று அர்த்தம்.

கம்பியை அந்தச் சந்தில் விடாமல் துளைக்குள்ளேயே குத்துவதுதான் பெரிய ஆபத்து. பின்னைக் கவ்வும் ஸ்பிரிங் அங்கேதான் இருக்கிறது. அது விரிந்தால் பிடி தளரும், மின்தடை ஏறும். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே சுமார் 2 வாட் வெப்பம். கடுகளவு இடத்துக்கு அது அதிகம். கப்ளர் உருகுவது இப்படியும்தான்.

திரும்பப் போடுமுன் நாக்கைக் கத்தி முனையால் நிமிர்த்திவிடுங்கள்.

எல்லாக் கப்ளரும் ஒன்றல்ல. டாய்ச் டிடி என்ற கப்ளர் வகையில் பூட்டும் விரல் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது. வெதர் பேக் என்ற வகையில் டெர்மினலின் இரண்டு பக்கமும் நாக்கு. மெல்லிய குழாயைச் செருகி இரண்டையும் ஒன்றாக அமுக்க வேண்டும். மெட்ரி-பேக் என்ற கப்ளரில் சில வகைகள் தலைகீழ்: டெர்மினலை முன்பக்கமாகத் தள்ளித்தான் வெளியே எடுக்க முடியும். வயரில் கொஞ்சம் தளர்வு இல்லாவிட்டால் அங்கே வேலை நடக்காது.