நீண்டுபோன கார்னெட்

பித்தளை ஊதுவாத்தியங்களான ஒரு கார்னெட்டையும் ஒரு ட்ரம்பெட்டையும் வளைவுகளை எல்லாம் நிமிர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினால், இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம்தான்: சுமார் 1.4 மீட்டர். இரண்டிலும் மூன்று வால்வுகள் (அழுத்தினால் காற்றைக் கூடுதல் குழாய் வழியே திருப்பிவிடும் விசைகள்), ஒரே விரலமைப்பு, ஒரே சுரங்கள். ஆனாலும் உரக்க ஊதும்போது ட்ரம்பெட் பளீரென்று வெட்டுகிறது, கார்னெட் உருண்டு திரண்டு ஒலிக்கிறது. தொழில்முறைக் கலைஞர்களுக்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்னெட்டுகள் அந்த உருண்ட ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டன. அதற்குக் காரணம் குழாயின் உள்வடிவம்.

ஒலியலையில் அழுத்தம் மிகுந்த பகுதி, அழுத்தம் குறைந்த பகுதியைவிட ஒரு துளி வேகமாக நகரும். மெதுவாக ஊதினால் இது கணக்கில் வராது. பலமாக ஊதினால், குழாய்க்குள் போகப்போக அலையின் முகடு முன்னேறி, கரையை நெருங்கும் கடலலை போல அதன் முன்பக்கம் செங்குத்தாகிவிடும். அலை எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு உயர் அதிர்வெண்கள் அதில் சேரும். பித்தளை வாத்தியங்களின் ‘பளீர்’ அங்கிருந்துதான் வருகிறது. டிராம்போனுக்குள் உண்மையான அதிர்ச்சி அலைகளே உருவாகின்றன என்று 1990களில் அளந்தே காட்டினார்கள். குழாய் ஒரே விட்டமாக நீண்டு போனால் அலைக்கு இப்படிக் கூர்மையாக நிறைய இடம் கிடைக்கிறது. குழாய் விரிந்துகொண்டே போனால் அழுத்தம் பரவித் தணிந்துவிடும், அலை கூராவதற்குள் நாகஸ்வரத்தில் அணசு என்கிறோமே, அந்த விரிந்த வாய்க்கு வந்து சேர்ந்துவிடும். ட்ரம்பெட்டைவிடக் கார்னெட்டில் விரியும் பகுதி அதிகம். உதட்டை வைத்து ஊதும் அதன் மவுத்பீஸும் ஆழமானது, பழைய பிரெஞ்சு மவுத்பீஸ்கள் புனல் போலவே இருக்கும். கார்னெட்டின் மென்மைக்கு இவை போதும். பித்தளையில் எந்த மந்திரமும் இல்லை.

1830 வாக்கில் பாரிஸில் தபால்காரர்களின் ஊதுகொம்பில் வால்வைப் பொருத்தியபோது பிறந்தது கார்னெட். முதலில் வந்த ஸ்டோல்ட்செல் வால்வில் காற்று பிஸ்டனின் (வால்வுக்குள் மேலும் கீழும் நகரும் உருளை) அடிவழியாக முட்டித் திரும்ப வேண்டும். 1839இல் பிரான்சுவா பெரினே குழாய்களை வெவ்வேறு உயரங்களில் சாய்த்து இணைத்து அந்த முட்டலைக் குறைத்தார். இன்றும் அதே பிஸ்டன்தான். பாரிஸ் கன்சர்வேட்டரி இசைக்கல்லூரியில் 1869இல் ஆர்பன் கார்னெட் பேராசிரியரானபோது, தனி வாசிப்புக்கு இதைவிட மதிப்பான பித்தளை வாத்தியம் இல்லை என்ற நிலை.

ஆனால் வால்வில் பிறவியிலேயே ஒரு கணக்குப் பிசகு உண்டு. ஓர் அரைச்சுரம் இறங்கக் குழாயை சுமார் 5.95% நீட்ட வேண்டும். 140 சென்டிமீட்டர் குழாய்க்கு இரண்டாம் வால்வு 8.3 செ.மீ. சேர்க்கிறது (ஓர் அரைச்சுரம்). முதல் வால்வு 17.1 செ.மீ. (இரண்டு அரைச்சுரம்), மூன்றாவது 26.5 செ.மீ. (மூன்று). மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆறு அரைச்சுரம் இறங்க வேண்டும், அதற்கு 58 செ.மீ. தேவை. கையில் இருப்பதோ 52 தான். ஏற்கெனவே நீண்டுவிட்ட குழாயை மேலும் ஓர் அரைச்சுரம் இறக்க, முன்னைவிட அதிக நீளம் வேண்டும் என்பது வால்வுக்குத் தெரியாது. விட்டுப்போன அந்த 6 சென்டிமீட்டரால் சுருதி அரைச்சுரத்தில் பாதிக்கு மேல் ஏறி நிற்கும். லண்டனில் பூஸி நிறுவனத்தின் டேவிட் பிளெய்க்லி 1874இல் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்: மூன்றாம் வால்வை அழுத்தினால் காற்று திரும்பவும் முதல் இரண்டு வால்வுகளின் வழியே சென்று, அங்குள்ள குட்டிக் குழாய்களை எடுத்துக்கொள்ளும். அழகுதான், ஆனால் எடை கூடும். அமெரிக்கர்கள் அந்த வழிக்குப் போகவில்லை. ஸ்லைடை (உள்ளே வெளியே நகரும் குழாய்த் துண்டு) விரலால் இழுத்தோ உதட்டால் இறக்கியோ சமாளித்தார்கள்.

இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரில் இருந்த சார்லஸ் ஜெரார்ட் கான் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், ஊர் பேண்டில் கார்னெட் ஊதியவர். உதட்டில் பட்ட காயத்தால் விளிம்பில் ரப்பர் வைத்த மவுத்பீஸைச் செய்தார், அதில் தொடங்கியது வியாபாரம். 1876இல் யூஜின் டூபான் என்ற பிரெஞ்சுக் கைவினைஞரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு கார்னெட் செய்யத் தொடங்கினார். அவர்களுடைய ‘ஃபோர் இன் ஒன்’ கார்னெட்டைக் குழாய் மாற்றி ஈ-ஃபிளாட், சி, பி-ஃபிளாட், ஏ என நான்கு சுருதிகளில் வாசிக்கலாம். 1883இல் தொழிற்சாலை எரிந்தது, மறுபடி கட்டினார். அந்தப் பத்தாண்டில்தான் அவருடைய கார்னெட்டுகளுக்கு ‘வொண்டர்’ என்ற பெயர் வருகிறது. அதுவரை பெரிய கலைஞர்கள் பாரிஸின் கூர்த்துவா, பெஸோன் வாத்தியங்களைத்தான் வரவழைத்தார்கள். கூர்த்துவா வாசித்துப் புகழ்பெற்ற ஜூல்ஸ் லெவியே கான் பக்கம் வந்ததுதான் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ்.

வொண்டர் காலத்துப் பெட்டியைத் திறந்தால் உதிரி ஸ்லைடுகள் கிடக்கும். காரணம், உலகில் ஒரே சுருதி இருக்கவில்லை. பேண்டுகள் ‘ஏ’ சுரத்தை 457 ஹெர்ட்ஸ் வரைகூட ஏற்றி வாசித்தன, ஆர்கெஸ்ட்ராக்கள் 440 பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. இந்த இரண்டுக்கும் இடையே குழாயில் 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம். போதாததற்கு, பி-ஃபிளாட் கார்னெட்டை ஏ கார்னெட்டாகவும் மாற்ற வேண்டும், ஆர்கெஸ்ட்ராக் குறிப்புகள் அப்படி எழுதப்பட்டிருந்தன. அதற்கு 8.3 செ.மீ. சேர்த்தால் மட்டும் போதாது. வால்வுக் குழாய்களும் விகிதப்படி அரை, ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம் நீள வேண்டும். மேடையில், இரண்டு பாட்டுகளுக்கு நடுவே!

1915இல் நிறுவனத்தை கார்ல் கிரீன்லீஃப் வாங்கினார். பின்னர் வந்த ‘விக்டர்’ வரிசை இந்தத் தொல்லைக்கான பதிலாகவே எனக்குத் தெரிகிறது. மவுத்பீஸுக்கு அருகே ஒரு சிறு சக்கரம். அதைத் திருகினால், நாடக அரங்கில் வைத்துப் பார்க்கும் இருகண் கண்ணாடியைக் கூர்மைப்படுத்துவது போல, முன்குழாய் நூலளவு நூலளவாக நகரும். சுருதி சேர்ப்பது அங்கே நடப்பதால் முன்புறப் பெரிய ஸ்லைடை ஏ-வுக்கு மாறுவதற்கென்றே ஒதுக்கிவிடலாம். இயந்திர வேலையாகப் பார்த்தால் கானின் உச்சம் இதுதான்.

ஒலி விலகத் தொடங்கியதும் இங்கேதான். வொண்டர் குட்டையாக, உருண்டையாக இருக்கும். விக்டர் நீளமானது, தூரத்திலிருந்து பார்த்தால் ட்ரம்பெட். வளைவை நிமிர்த்தியதால் மட்டும் ஒலி மாறிவிடாது. வளைவுகளின் பங்கு சொற்பம். ஆனால் நீண்ட உடம்பு கிடைத்ததும் ஒரே விட்டமான குழாய்க்கும் ட்ரம்பெட் போன்ற முன்குழாய்க்கும் இடம் வந்துவிட்டது. 1920களில் வாங்குபவர்கள் கேட்டதும் அதைத்தான். ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட்டை வைத்துவிட்டு ட்ரம்பெட்டை எடுத்த காலம் அது. நடனக் குழுவில் சாக்ஸபோன்களைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்றால் கூர்மை வேண்டும்.

1930களில் கவனம் உலோகத்தின் பக்கம் திரும்பியது. வழக்கமாகப் பித்தளைத் தகட்டை வெட்டி, ஓரங்களைப் பற்றவைத்து, அடித்து, கடைசலில் சுழற்றி அணசு செய்வார்கள். கானின் ‘கோப்ரியான்’ முறையில் எஃகு அச்சின்மேல் மின்பகுப்பால் செம்பைப் படியவைத்து, இணைப்பே இல்லாத அணசை உரித்தெடுத்தார்கள். தொழில்நுட்பமாக அபாரம். ஒலியைப் பொறுத்தவரை விளம்பரம் சொன்ன அளவுக்கு நம்ப முடியவில்லை. 1980களில் பித்தளை வாத்தியம் செய்பவரான ரிச்சர்ட் ஸ்மித் வெவ்வேறு தடிமனில் டிராம்போன் அணசுகள் செய்து, தேர்ந்த கலைஞர்களின் கண்ணைக் கட்டி ஊதவைத்தார். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. விட்டம் எந்த இடத்தில் எவ்வளவு என்பதற்கு முன்னால் தகட்டின் பங்கு மிகச் சிறியது. 1950களின் ‘கான்ஸ்டலேஷன்’ கார்னெட்டில் நிக்கல் பூச்சு மின்னும். பெயர் மட்டும் கார்னெட்.

பிரிட்டனில் பித்தளை பேண்டுகள் பிடிவாதக்காரர்கள். 1960கள் வரை உயர்ந்த சுருதியையே விடாதவர்கள் குட்டை உடம்பையும் ஆழமான மவுத்பீஸையும் மட்டும் விட்டுவிடுவார்களா? இருபதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஊதும்போது ஒலி ஒன்றில் ஒன்று கரைய வேண்டும். அங்கே கூர்மை குறைதான்.

பழைய விக்டர் இன்று கைக்கு வந்தால் முதலில் மவுத்பீஸைப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஆழமில்லாத ட்ரம்பெட் மவுத்பீஸைத் திணித்திருப்பார்கள். ஆழமான ஒன்றை மாட்டினால் உருண்ட ஒலியில் ஒரு பங்கு திரும்பும். வொண்டராக இருந்தால் ஸ்லைடையும் பாருங்கள். உயர்ந்த சுருதிக்கான குட்டை ஸ்லைடு மாட்டியிருந்தால், அதை இழுத்து இன்றைய பியானோவின் சுருதிக்கு இறக்குவது கடினம்.