ரவரில் ஏது கதிரியக்கம்?

‘போன் ரவரில் இருந்து கதிரியக்கம் வருகுது’ என்று சனம் கதைப்பதைக் குறைசொல்ல மாட்டேன். பேப்பரில் வாசித்ததைத்தான் சனம் கதைக்கிறது. எழுதுகிறவருக்காவது கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு என்று தெரிந்திருக்க வேண்டாமா? 2019இல் யாழ்ப்பாணத்தில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்களை 5ஜி கோபுரம் என்று எதிர்த்த நாட்களில் இந்தக் குழப்பம் நன்றாகவே பரவியது. இன்னும் ஓய்ந்தபாடில்லை.

லத்தீனில் ‘ரேடியஸ்’ என்றால் ஆரக்கால், ஒளிக்கதிர் இரண்டும். ரேடியோ, ரேடியம், ரேடியேஷன் எல்லாம் அதன் வழி வந்தவை. நமக்குக் கதிர் பழைய சொல், ஞாயிற்றுக்கும் நெல்லுக்கும் பொது. ஆற்றல் ஒன்றிலிருந்து கிளம்பிப் பரவினால் அது கதிர்வீச்சு: வெயில், அடுப்பு வெக்கை, வானொலி அலை. யுரேனியம் போன்றவற்றின் அணுக்கரு தானே சிதைந்து கதிர்களை வெளிவிடுவது கதிரியக்கம். 1896இல் விஞ்ஞானி பெக்கரல் கண்டதற்கு 1898இல் கியூரி தம்பதியர் வைத்த பெயரின் தமிழ் அது.

இலங்கைப் பாடப்புத்தகத்தில் இதற்குக் கதிர்த்தொழிற்பாடு என்ற சொல் இருக்கிறது. நீளம்தான், வாயில் கொஞ்சம் முட்டும். ஆனால் அதைக் கேட்டவர் யாரும் போன் ரவரை நினைக்க மாட்டார். கதிரியக்கம் அப்படியல்ல. பிரித்துப் பார்த்தால் கதிரின் இயக்கம். கதிர் இயங்கினால் கதிரியக்கம்தானே என்று யாரும் நினைப்பார்கள், அதில் தவறும் சொல்ல முடியாது. (எங்கள் ஊரில் ‘இயக்கம்’ என்ற சொல்லுக்கு இருக்கிற பாரம் வேறு. அதை விடுவோம்.) பள்ளியில் ஒரு சொல்லைப் படித்துச் சோதனையும் எழுதிவிட்டு, செய்தி எழுத வந்ததும் தமிழ்நாட்டுச் சொல்லை எடுத்து, அதையும் பிழையான இடத்தில் வைக்கிறோம்.

‘எக்ஸ்ரே படிக்கிற டொக்டரையே கதிரியக்க நிபுணர் என்கிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் எனக்கு உவப்பில்லை. எக்ஸ்ரே இயந்திரத்தின் சுவிட்சை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். ரவரும் அப்படியே, கரண்டும் பற்றரியும் போனால் அதோடு சரி. கதிரியக்கப் பொருளான சீசியம் 137க்குச் சுவிட்ச் கிடையாது. பாதியாகக் குறையவே சுமார் 30 வருடம் வேண்டும். இந்த வேறுபாட்டை ஒரு சொல் மறைக்குமென்றால் அந்த இடத்தில் அது பிழையான சொல்.

5ஜிக்குப் பல நாடுகள் எடுத்த 3.5 கிகாஹேர்ட்ஸ் வானலையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் மீடிறன் (ஒரு செக்கனில் வரும் அலைகளின் எண்ணிக்கை, அது கூடினால் கதிரின் ஆற்றலும் கூடும்) அதைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். அந்த ஒளியாலேயே நம் உடலின் அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்க முடியாது. ஆகவே ரவருடையது அயனாக்காத கதிர்வீச்சு. அது செய்வதாக உறுதியானது சூடாக்குவது. 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வானலைகளை 2பி வகையில் சேர்த்தது உண்மை. ‘இருக்கலாம், ஆதாரம் போதாது’ என்கிற வகை அது. ஆசிய முறை ஊறுகாயும் அங்கேதான் இருக்கிறது. தலைப்பில் ‘புற்றுநோய் உறுதி’ என்று போடுகிறவர் இதைச் சொல்வதில்லை.

யாழ். மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். அவர் பெயரைச் சொல்லிப் பகுத்தறிவு பேசும் பொடியளும் இங்கே சறுக்குகிறார்கள். வதந்தியை மறுக்கிற வேகத்தில் ‘ரவரில் கதிர்வீச்சே இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். கதிர்வீச்சு இல்லாவிட்டால் போன் எப்படி அடிக்கும்? எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்று காட்ட, பொறியியலாளர் அன்ரனாவுக்குக் கதிர்வீச்சுக் கோலம் என்றே ஒரு படம் வரைகிறார். அந்தக் கோலத்தில் பெரும்பகுதி கிடையாக வெளியே போகிறது, நேர் கீழே குறைவு. ரவரைத் தூரத் தள்ளினால் காதோடு வைத்திருக்கும் போன்தான் அதிக வலுவில் கத்த வேண்டியிருக்கும்.

கதிர்வீச்சு என்று எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும்: எவ்வளவு? 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டல் வரம்பு சதுர மீற்றருக்கு 10 வாற்று. கம்பம் நட வருகிறவரிடம் அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.