மவுஸ் மெமரியில் மேக்ரோ வைத்தால் மாட்ட மாட்டோமா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. காலேஜ் முதல் வருடம் படிக்கும் தம்பி ஒருவன், சிபியுவைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு கடைக்கு வந்தான். “அண்ணா, விண்டோஸ் புதுசா போட்டுக் குடுங்க.” ஆன் செய்து பார்த்தேன், கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடுகிறது. கொஞ்சம் துருவியதும் விஷயம் வந்தது: “கேம் அக்கவுண்ட் பேன் ஆயிடுச்சுண்ணா.” விதியை மீறியதற்காகக் கேம் கம்பெனி தடை போட்டுவிட்டது.

“தலையில பேன்னா சீப்பு வச்சு வாரிடலாம், இது என்ன பேனுன்னே தெரியலைங்க” என்றார் அம்மா. சிரித்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த அக்கவுண்ட் பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணனுடையது. ஏழு வருடமாகக் காசு போட்டுச் சேர்த்த ஸ்கின்கள் (கேம் துப்பாக்கிகளுக்கான அலங்காரங்கள்) அதில் இருக்கின்றன. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

செய்தது என்ன? துப்பாக்கி சுடும்போது குறி மேலே ஏறுமே, அதைத் தானாகக் கீழே இழுக்கும் ‘நோ ரீகாயில்’ மேக்ரோ. (மேக்ரோ என்றால், ஒரு பட்டனை அழுத்தினால் பல வேலைகள் தானாக நடக்கும்படி பதிந்து வைப்பது.) கேட்டால் வழக்கமான பதில்: “மேக்ரோவை மவுஸ் மெமரியிலேயே ஏத்திட்டு சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன்ணா. கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே ஓடலை. எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன் இதை! ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த ரகசியம் போலத்தான் சொல்கிறார்கள்.

பாதி சரிதான். மவுஸுக்குள் இருக்கும் மேக்ரோ அனுப்பும் கிளிக், கையால் அழுத்திய கிளிக் மாதிரியே விண்டோஸுக்கு வந்து சேரும். தேடிப் பிடிக்க ஒரு ஃபைல் கூட இருக்காது. ஆனால் கேமுக்கு உங்கள் மவுஸைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லையே! எப்போது சுட்டீர்கள், எவ்வளவு திரும்பினீர்கள் என்பதெல்லாம் எப்படியும் சர்வருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போகாவிட்டால் ஆட்டமே நடக்காது. அங்கே தெரிவது உங்கள் கை.

அந்தத் தம்பிக்குக் கடையிலேயே காட்டினேன். இரண்டு கிளிக்குக்கு நடுவே எத்தனை மில்லிசெகண்ட் என்று குறித்துக்கொள்ளும் சின்ன புரோகிராம் ஒன்று வைத்திருக்கிறேன் (டபுள் கிளிக் கோளாறு பார்க்க உதவும்). கையால் அழுத்தச் சொன்னேன்: 148, 131, 163, 127, 139, 204. அந்த 204-இல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மேக்ரோ: 100, 100, 101, 100, 100, 100. ஒன்றும் பேசவில்லை அவன்.

“ரேண்டம் டிலே வச்சா?” என்று அடுத்த கேள்வி. அதாவது, கிளிக்குகளின் இடைவெளியை மேக்ரோவே மாற்றி மாற்றிப் போடுவது. 90 முதல் 110 வரை என்று வைத்து இருநூறு கிளிக் ஓடவிட்டேன். 89 ஒரு முறை கூட வரவில்லை, 111-உம் வரவில்லை. நடுவில் உள்ள எல்லா எண்ணும் ஏறக்குறைய சம அளவில் வருகின்றன. எந்த மனிதனின் விரலும் இப்படிச் சுவர் வைத்துக்கொண்டு துடிக்காது. நம் கை ஓரிடத்தைச் சுற்றியே அடிக்கும், களைத்தால் இழுக்கும், பதறினால் தடுமாறும். ரீகாயில் மேக்ரோவின் கதை இன்னும் மோசம். எதிரில் ஆள் இருந்தாலும் வெறும் சுவர் இருந்தாலும், முப்பது தோட்டாவுக்கும் அதே இழுப்பு, அதே அளவு.

நம்பிக்கை வரவில்லையா? 2024 ஜூலையில் ரேசர் கம்பெனி தன் கேமிங் கீபோர்டுகளில் ‘ஸ்னாப் டேப்’ கொண்டுவந்தது. இடப்பக்கம் நகர்த்தும் A-யிலிருந்து வலப்பக்கம் நகர்த்தும் D-க்கு மாறும்போது, முதல் விசையைக் கைவிடாமலே அடுத்தது வேலை செய்யும். முழுக்கக் கீபோர்டுக்குள்ளேயே நடக்கிற வேலை. ஆகஸ்டில் வால்வ் கம்பெனி அறிவித்துவிட்டது: தங்கள் துப்பாக்கிச் சண்டை கேமான கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இன் அதிகாரப்பூர்வ சர்வர்களில் இந்த மாதிரி தானியங்கி அசைவைக் கண்டுபிடித்தால், ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளுவோம் என்று. கடையில் பெட்டியோடு விற்கிற பொருளுக்கே இந்த நிலை. உங்கள் யூடியூப் மேக்ரோ எம்மாத்திரம்?

எல்லோரும் மாட்டுவார்களா என்றால், இல்லை. “என் ஃப்ரெண்டு ஆறு மாசமா ஆடறான்” என்பதும் பொய்யாக இருக்காது. ஆனால் வால்வின் வாக் பேன் (VAC என்ற அவர்களுடைய ஏமாற்றுத் தடுப்பு போடும் தடை) உடனே விழாது. எதனால் மாட்டினோம் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே தாமதித்துப் போடுகிறார்கள். விழுந்துவிட்டால் நிரந்தரம். கஸ்டமர் சப்போர்ட்டில் அழுதாலும் எடுக்க மாட்டார்கள். அதே போன் நம்பரில் வேறு அக்கவுண்ட் இருந்தால் அதுவும் சேர்ந்து போகலாம்.

விண்டோஸ் புதிதாகப் போடுவதால் பைசா பிரயோஜனம் இல்லை. பேன் இருப்பது அவர்கள் சர்வரில். வேலரன்ட் போன்ற கேம்கள் கம்ப்யூட்டரின் அடையாளத்தையே வைத்துத் தடுக்கும். கூலி வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்திருக்கலாம்தான், மனசு வரவில்லை.

இதைவிட எனக்கு எரிச்சல், அந்த ‘இலவச ஸ்கிரிப்ட்’ ஃபைல்கள். இன்ஸ்டால் செய்யும் முன், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை ஆஃப் செய்யச் சொல்லும். திருடன் வந்து “நாயைக் கட்டிப் போடுங்க” என்றால் கட்டுவீர்களா? ரெட்லைன் என்ற பாஸ்வேர்ட் திருடும் வைரஸ் இப்படி கேமில் ஏமாற்ற உதவும் ‘சீட்’ (cheat) புரோகிராம் வேஷத்திலும்தான் பரவியது. 2024 அக்டோபரில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கினார்கள். அதற்குப் பிறகும் வேறு பெயர்களில் வருகிறது. அதே கம்ப்யூட்டரில்தானே அப்பாவின் நெட் பேங்கிங்கும் இருக்கிறது?

டிபிஐ (மவுஸ் எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்ற அளவு) மாற்றுங்கள், லைட் போட்டுக்கொள்ளுங்கள், பக்கவாட்டுப் பட்டனுக்கு ஒரு விசையை வையுங்கள். பொதுவாக இதற்கெல்லாம் யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை. ஒரு அழுத்தலுக்கு ஒன்றுக்கு மேல் வேலை நடந்தால் அங்கேதான் வம்பு. அண்ணன், மாமா அக்கவுண்ட்டில் சோதனை செய்து பார்க்காதீர்கள், தயவுசெய்து.

செகண்ட் ஹேண்ட் கேமிங் மவுஸ் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. பழைய ஆள் ஏற்றிய மேக்ரோ அதன் மெமரியில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். ஒரு நோட்பேடைத் திறந்து, ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். பிறகு கம்பெனி சாஃப்ட்வேரில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிட்டு கேமைத் திறங்கள். தெரியாவிட்டால் கடைக்கு எடுத்து வாருங்கள், ஐந்து நிமிட வேலை, காசு வேண்டாம்.