044 என்று வந்தால் உடனே நம்பிவிடுவதா?

போன வாரமும் ஒருவர் வந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைப்பு வந்திருக்கிறது, ஓடிபியைச் சொல்லியிருக்கிறார், பணம் போய்விட்டது. "044ன்னு வந்துச்சே தம்பி, அதான் நம்பிட்டேன்" என்கிறார், சென்னை லேண்ட்லைன் எண்ணின் தொடக்கம் அது. அலுவலகங்களுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அமைத்துக் கொடுப்பது என் வேலை. இதே பேச்சை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

நம்பிக்கை எப்படி வந்தது என்று புரிகிறது. 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே எஸ்டிடி, அதாவது வெளியூருக்கு நாமே நேரடியாக டயல் செய்யும் வசதி தொடங்கியது, ஆபரேட்டரிடம் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்த காலம் மெல்ல மறைந்தது. டெல்லிக்கு 011, மும்பைக்கு 022, கொல்கத்தாவுக்கு 033, நமக்கு 044. கடை போர்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் 044 இருந்தால் அது சென்னை முகவரி, பின்னால் கம்பியும் கட்டடமும் உண்டு, நேரில் போய்க் கேட்கலாம். (காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும்கூட 044தான். சென்னைக்காரர்களே பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.)

இப்போது அப்படி இல்லை. திரையில் தெரியும் எண், அழைக்கிற பக்கத்திலிருந்து அனுப்பப்படும் ஒரு தகவல், அவ்வளவுதான். அதை மாற்றி அனுப்ப முடியும். இணையவழி இணைப்பில் எண் ஓரிடத்தில் இருக்கும், பேசுகிறவர் வேறெங்கோ இருப்பார். வெளிநாட்டிலிருந்து இந்திய எண் போலக் காட்டி வரும் அழைப்புகளைத் தடுக்கவே மத்திய அரசு 2024 அக்டோபரில் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 044 தெரிந்தால் சென்னை என்றும் அர்த்தமில்லை, வங்கி என்றும் அர்த்தமில்லை, போலீஸ் என்றும் அர்த்தமில்லை! அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியில் வங்கி பெயர் வந்தது என்பார்கள் அடுத்து. அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை நம்மைப் போன்ற பயனர்களின் போனிலிருந்து போனவை.

சரி, என்ன செய்வது? பணம், ஓடிபி, ஆதார் என்று பேச்சு வந்தால் போனை வையுங்கள். மரியாதைக் குறைவாக இருக்குமே என்று தயங்க வேண்டாம். அப்புறம் கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள், வந்த எண்ணுக்கே திருப்பி அழைக்காதீர்கள். போலீஸ் என்று சொல்லி, போனிலேயே உங்களைக் கைது செய்துவிட்டோம் என்று மிரட்டுவார்கள்; அப்படி 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது. பணம் போய்விட்டால் பிள்ளைகள் திட்டுவார்களே என்று மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

பிள்ளைகளே, அப்பா அம்மாவைத் திட்டாதீர்கள், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லிக் கொடுங்கள்.