மழை லீவு வதந்தியிலிருந்து கீழடி வரை

ஐப்பசி, கார்த்திகையில் மதுரையில் நாலு தூறல் விழுந்தால் போதும், 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை: கலெக்டர் அறிவிப்பு' என்று ஒரு நியூஸ் கார்டு வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் பிள்ளைகளை யாரும் ஏமாற்ற முடியாது. "மதுரைக்கா, தேனிக்கா?", "காலேஜுக்கும் சேர்த்தா?", "போன வருசத்து கார்டா இருக்கும்டா, தேதியப் பாரு", "டிவில கீழ ஓடுதா?" ஒன்பதாம் வகுப்புக்குத் தகவல் சரிபார்ப்பைச் சொல்லித்தர நான் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன். யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த ஊருக்குச் சொன்னது, வேறு யாராவது சொல்கிறார்களா? கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் அவர்களிடமே இருக்கின்றன. லீவைத் தாண்டி வேறு எதற்கும் அவற்றைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, ஒரு போலி கார்டை வகுப்பிலேயே செய்து காட்டுவேன். 'கணக்கு ஆசிரியர் இனி வீட்டுப்பாடம் தரமாட்டார்' என்று ஒரு செய்தி, பக்கத்தில் அவர் படம், மூலையில் ஒரு டிவி சேனலின் லோகோ. ஐந்து நிமிட வேலை. (கணக்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது.) பிள்ளைகள் உடனே எழுத்துப்பிழையைத் தேடுவார்கள், எழுத்துருவைப் பார்ப்பார்கள். அது ஓரளவுக்கு உதவும். ஆனால் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையில்லாமல் எழுதித் தருகிற காலத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. கார்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அதை விட்டு வெளியே போகச் சொல்வேன். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில், அதே தேதியில், அந்தக் கார்டு இருக்கிறதா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. வரலாற்று அறிஞர்கள், மாணவர்கள், தகவல் சரிபார்ப்பாளர்கள் என 45 பேரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். நன்றாகப் படித்தவர்களே லோகோவையும் தளத்தின் தோற்றத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சட்டென்று அந்தப் பக்கத்தை விட்டு வேறு டேப்களைத் திறந்து, இதை நடத்துவது யார் என்று தேடிப் போனார்கள்.

வீடியோ என்றால் இன்னும் சிக்கல். "நானே கண்ணால பாத்தேன் சார்" என்பார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று சில வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. அவற்றில் ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. காட்சி நிஜம், அதற்கு மேல் எழுதியிருந்ததுதான் பொய். போலி வீடியோ பரப்பிய வழக்கில் கைதான பீகார் யூடியூபர் ஒருவர் நம் மதுரை மத்திய சிறையில்தான் அடைக்கப்பட்டார். வீடியோவிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், பழைய காட்சியா என்பது பல நேரம் தெரிந்துவிடும். இந்த உதாரணத்தை வகுப்பு உற்சாகமாகக் கேட்கும். ஏமாந்தது வேறு யாரோ அல்லவா!

அதனால்தான் அடுத்த வகுப்பில் கீழடியை எடுப்பேன். 'கீழடி நாகரிகம் பத்தாயிரம் ஆண்டு பழமையானது' என்று ஒரு ஃபார்வர்டைப் பலகையில் எழுதினால் கைதட்டல்தான் வரும், கேள்வி வராது. மாநிலத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் என்ன இருக்கிறது என்று தேடச் சொல்வேன். நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியை அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியதில் கிடைத்த காலம் கி.மு. 580. ஏறத்தாழ 2600 ஆண்டு. அப்படியானால் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? அறை அமைதியாகிவிடும். "இருந்தாலும் இருக்கலாம்ல சார்?" என்று ஒரு குரல். "நீங்க தமிழுக்கு எதிரா பேசுறீங்க" என்று இன்னொன்று. கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. 2600-க்கு ஆதாரம் கையில் இருக்கிறது. பத்தாயிரம் என்று அளந்துவிட்டால், நாளை ஒருவன் அதைப் பொய் என்று காட்டிவிட்டு 2600-ஐயும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவான். பிடிக்காத செய்தியைச் சந்தேகிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடித்த செய்தியை நிறுத்தி விசாரிப்பதற்குத்தான் வாத்தியார் தேவைப்படுகிறார்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கொஞ்ச நாளில் சிலர் "எல்லா நியூஸுமே பொய்தான் சார்" என்று கிளம்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால் இது சோம்பேறித்தனம். தேடிப் பார்க்கும் வேலை மிச்சம். ஆகவே பயிற்சிக்குக் கொடுக்கும் செய்திகளில் பாதி உண்மையானவையாக இருக்க வேண்டும். 'வைகை அணை 66 அடியை எட்டியது, கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை' என்ற பழைய செய்தி ஒன்றைக் கலந்து வைப்பேன். அணையின் முழு உயரம் 71 அடி. 66-ல் முதல் எச்சரிக்கை விடுவது வழக்கம். ஆற்றங்கரையில் குடியிருக்கிற பிள்ளை அதைப் பொய் என்று ஒதுக்கினால் என்ன ஆகும் என்று அவர்களையே பேச வைப்பேன்.

வீட்டு விவகாரம் தனி. குடும்பக் குரூப்பில் எல்லோர் முன்னாலும் "தாத்தா, இது ஃபேக்" என்று போட்டால் தாத்தா இன்னும் நாலு ஃபார்வர்டு அனுப்புவார். தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு தாத்தா அனுப்புனது? வாங்க, தேடிப் பாப்போம்" என்று கேட்கச் சொல்கிறேன். சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஃபார்வர்டு என்றால் மட்டும் பொறுமை கூடாது. அன்றைக்கே அப்பா அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் போன் வேண்டுமே என்று சக ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். ஒரே நாளில் வந்த இரண்டு நாளிதழ்களை வைத்தே தொடங்கலாம். ஒரே சம்பவத்துக்கு இரண்டு தலைப்பு. ஒன்றில் பேசியிருப்பவர் இன்னொன்றில் இல்லை. டீக்கடையில் கேட்டால் பழைய பேப்பரைச் சும்மாவே தருவார்கள். இணையத்தில் தேட வேண்டியதை மட்டும் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, ஹைடெக் லேபில் இடம் கிடைக்கிற நாளில் பார்த்துக்கொள்ளலாம்.